பழைய இசைத்தட்டுகளும் புதிய பதிப்பாசிரியர்களும்

கீழக்கரையிலும் பெரியபட்டினத்திலும் இராமநாதபுரத்திலும் கலியாண வீடு என்றால், விடிவதற்கு முன்பே தென்னை மரத்தில் கட்டிய ஒலிபெருக்கிக் குழாயிலிருந்து பாட்டு எழுந்து ஊரை எழுப்பிய காலம் ஒன்று இருந்தது. பாடுபவர் பெரும்பாலும் இசைமுரசு நாகூர் இ. எம். ஹனிபாவாக இருப்பார். சில வேளை காயல் ஷேக் முகம்மது அவர்களின் குரல் கேட்கும். கந்தூரிக் காலத்திலும் பெருநாள் இரவிலும் அதே தட்டுகள் மீண்டும் மீண்டும் சுழலும். அவற்றுள் எஞ்சியவை இன்று பரணிலும் பழைய மரப்பெட்டியிலும் உறங்குகின்றன. அண்மைக் காலமாக நம்மவர் சிலர் அவற்றை எடுத்துத் துடைத்து, வீட்டுக் கணிப்பொறியில் பதிவு செய்து, கீறல் ஒலிகளை நீக்கி, கைப்பேசியில் கேட்கத்தக்க கோப்புகளாக மாற்றிப் பரப்பி வருகின்றனர். ஊதியம் கருதாது, உறக்கம் விழித்துச் செய்யும் பணி அது. அதனை நாம் மதிக்கிறோம்.

ஆயினும் மதிப்பது வேறு, மதிப்பிடுவது வேறு. ஒரு கவிதை நூல் வெளிவந்தால் அதன் குறை நிறைகளை ஆராய்கிறோம். ஒரு பழைய ஏட்டுப்பிரதி அச்சேறினால், எந்தப் பிரதியைக் கொண்டு பதிப்பித்தார், எங்கே திருத்தினார், திருத்தியதைச் சொன்னாரா என்று கேட்கிறோம். இசைத்தட்டொன்று கணிப்பொறிக்குள் புகும்போது மட்டும் இக்கேள்விகளுள் ஒன்றையும் கேட்பதில்லை. பாட்டு கிடைத்ததே போதும் என்று நிறைவு கொள்கிறோம். இந்த நிறைவு தவறானது என்பதே இக்கட்டுரையில் நாம் சொல்ல விழைவது. தட்டைக் கோப்பாக மாற்றுகிறவர் வெறும் தொழில்நுட்பர் அல்லர், அவர் பதிப்பாசிரியர். ஆகவே பதிப்பாசிரியருக்குரிய பொறுப்பு அவருக்கும் உண்டு.

தட்டு என்னும் ஏடு

இக்கரைக்கும் இசைத்தட்டுக்கும் உள்ள உறவு பழையது. நாகூரின் பெயரைத் தம் பெயரோடு தாங்கிய ஹனிபா அவர்கள் 1925-ஆம் ஆண்டு பிறந்தது இராமநாதபுரத்தில்தான். 2015-இல் அவர் மறைந்தார். இக்கடற்கரையிலிருந்து கொழும்புக்குச் சென்று வணிகம் செய்தோரும் கடைகளில் உழைத்தோரும் பலர். 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழியும் வரை, அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஏறிப் போய் வந்தனர். திரும்புங்கால் பெட்டியும் தட்டுமாகக் கொண்டுவந்தவர்களும் உண்டு. இலங்கை வானொலியின் முஸ்லிம் நிகழ்ச்சி கடல் கடந்து வந்து இக்கரை வீடுகளில் ஒலித்தது. இவ்வாறு பாட்டு நம்மிடம் வந்து சேர்ந்த வழிகளுள் இசைத்தட்டே நிலையான ஆவணம். வானொலி காற்றோடு போயிற்று, தட்டு நின்றது.

நின்ற தட்டுகள் மூவகை. முதலாவது, நிமிடத்துக்கு 78 முறை சுழலும் அரக்குத் தட்டு. ஒரு பக்கத்தில் மூன்று நிமிட அளவே பாட்டு கொள்ளும். இரண்டாவது, 45 முறை சுழலும் சிறிய வினைல் தட்டு. மூன்றாவது, நிமிடத்துக்கு முப்பத்து மூன்றேகால் அன்று, 33⅓ முறை சுழலும் பெரிய தட்டு. 1948-இல் அமெரிக்காவில் அறிமுகமாகிப் பின்னர் உலகெங்கும் பரவியது. அரக்குத் தட்டு கீழே விழுந்தால் உடையும். வினைல் உடையாது, ஆனால் எளிதில் கீறல் விழும். இரண்டுக்கும் நம் கடற்கரையின் உப்புக்காற்றும் ஈரமும் பகை. உறையில் பூஞ்சணம் பற்றும். அதன் தடம் தட்டின் பள்ளத்தில் இறங்கும்.

ஏட்டுச்சுவடிக்குக் கரையான் எப்படியோ, தட்டுக்கு இவை அப்படி. ஒப்புமை இதனோடு முடியவில்லை. கீழக்கரை வள்ளல் சீதக்காதியின் ஆதரவைப் பெற்ற உமறுப் புலவரின் சீறாப்புராணம் ஏட்டில் வழங்கிய காப்பியம். ஐயாயிரத்துக்கு மேற்பட்ட விருத்தங்களைக் கொண்ட அந்நூலை 1842-இல் அச்சிட்டு நாம் படிக்கத் தந்தவர் செய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம். அவரும் பெரும்புலவரே. ஓசை குறைந்ததெனத் தமக்குத் தோன்றிய இடத்திலெல்லாம் தம் சொல்லை வைத்துப் பாட்டை நிரப்பும் ஆற்றல் அவருக்கு உண்டு. பதிப்பாசிரியர் ஒருவர் அவ்வாற்றலை உமறின் பெயரால் பயன்படுத்துவாராயின் அதனை எவர் ஏற்பார்? திறமை இருப்பது திருத்துவதற்கு உரிமை ஆகாது. இந்த எளிய நெறி இசைத்தட்டுக்கும் பொருந்தும்.

வேகமும் சுதியும்

ஒரே பாடலின் மூன்று கணிப்பொறிப் பதிவுகளை அண்மையில் அடுத்தடுத்துக் கேட்டோம். மூன்றும் ஒரே தட்டிலிருந்து எடுக்கப்பட்டவை என்பது பின்னணி இசையால் தெளிவு. முதற்பதிவு முடிந்த நேரத்துக்குப் பத்து வினாடி முன்னதாகவே இரண்டாவது முடிந்தது. பாடகரின் குரல் அதில் அரைக் கட்டை மேலே நின்றது.

காரணம் எளிது. தட்டுச் சுழலும் வேகம் நூற்றுக்கு ஆறு பங்கு கூடினால் சுதி அரைக் கட்டை உயரும்; மூன்று நிமிடப் பாட்டு பத்து வினாடி குறையும். பெட்டியின் வார் தளர்ந்தாலோ இறுகினாலோ வேகம் மாறும். 78-க்குரிய வேகமே இல்லாத இக்காலப் பெட்டிகளில் அரக்குத் தட்டை 45-இல் ஓட்டிப் பதிவு செய்து, பிறகு ஆடாசிட்டி போன்ற மென்பொருளில் வேகத்தைக் கூட்டிக்கொள்வோரும் உளர். அது பிழையான வழி அன்று. கணக்குத் தவறினால்தான் பிழை. உச்ச சுதியில் பாடுவதையே தம் முத்திரையாகக் கொண்ட ஒரு பாடகரைப் பற்றிப் பேசும்போது இந்த அரைக் கட்டை சிறு செய்தி ஆகாது. அவர் எட்டிய உயரம் அவருடையதா, வேகம் கூடிய பெட்டியுடையதா என்பது தெரியாமல் அவரைப் பற்றி எழுதும் திறனாய்வு மணல்மேல் கட்டிய வீடு. ஆர்மோனியம் உடன் ஒலிக்கும் பாடலில் ஒரு சோதனை எளிது: அதன் சுதி இரு கட்டைகளுக்கு இடையே விழுந்தால் வேகத்தின் மீது ஐயம் கொள்ளலாம்.

இதனோடு ஒட்டிய இன்னொரு குறை உண்டு. வினைல் தட்டை வெட்டும்போது தாழ்ந்த ஒலிகளைக் குறைத்தும் உயர்ந்த ஒலிகளைக் கூட்டியும் வெட்டுவர். ஓட்டும் கருவி அதனை மறுதலையாக்கிச் சமன் செய்யும். 1954-இல் அமெரிக்க இசைத்தட்டுத் தொழிலார் வகுத்த இந்த அளவே பின்னர் பொது விதியாயிற்று. அதற்கு முற்பட்ட அரக்குத் தட்டுகளின் அளவு வேறு; அவற்றுள்ளும் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபாடு உண்டு. அவற்றை இக்காலக் கருவியில் அப்படியே ஓட்டினால் குரல் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் மங்கும். மங்கிய ஒலியைக் கேட்டு, அந்தக் காலப் பதிவு அவ்வளவுதான் என்று தீர்ப்புச் சொல்லி விடுகிறோம். தட்டின் மீது குற்றமில்லை. ஊசியும் அப்படியே. அரக்குத் தட்டின் பள்ளம் அகன்றது. அதற்குரிய ஊசிமுனை வினைல் ஊசியைப்போல் ஏறத்தாழ மும்மடங்கு பருத்தது. மெல்லிய ஊசியை அதில் இட்டால் அது பள்ளத்தின் அடியில் கிடக்கும் அழுக்கைத்தான் படிக்கும்.

மூன்று புள்ளிகள்

நாம் கேட்ட மூன்றாவது பதிவில் இரைச்சல் அறவே இல்லை. முதலில் வியந்தோம். இரண்டாம் முறை கேட்டபோது ஏதோ குறைந்திருப்பதை உணர்ந்தோம். மூன்றாம் முறை அது இன்னதென்று தெரிந்தது. பாட்டில் வரும் அரபுச் சொற்களில் ஸீனும் ஷீனும் ஒன்றாகியிருந்தன.

இது நிகழும் விதத்தைச் சற்று விளக்க வேண்டும். மென்பொருளில் இரைச்சல் நீக்குவதற்கு, பாட்டுத் தொடங்குமுன் ஊசி வெறும் பள்ளத்தில் ஓடும் சில வினாடிகளைத் தேர்ந்து காட்டுகிறோம். அந்த ஒலியின் தன்மையைக் கணிப்பொறி கற்றுக்கொண்டு, பாட்டு முழுவதிலும் அதனைப் போன்றதைத் தணிக்கிறது. தட்டின் இரைச்சல் காற்றுச் சீறுவது போன்ற ஒலி. ஸீனும் ஷீனும் ஸாதும் ஃபேயும் அத்தகைய ஒலிகளே. காற்று பல்லிடுக்கிலும் உதட்டிலும் உரசி வருவதால் பிறப்பவை அவை. அளவோடு தணித்தால் தீங்கில்லை. அளவு மீறினால், இது இரைச்சல், இது எழுத்து என்று பிரித்தறியக் கணிப்பொறிக்கு வழியில்லை. இரண்டையும் சேர்த்தே துடைத்து விடுகிறது.

ஸீனுக்கும் ஷீனுக்கும் எழுத்தில் உள்ள வேறுபாடு மேலே இடும் மூன்று புள்ளிகளே. புள்ளி மாறினால் பொருள் மாறும் என்பதை ஓதப் பழகிய சிறுவனும் அறிவான். தமிழொலிகளைக் குறிக்க அரபு எழுத்துகளுக்குப் புதிய புள்ளிகள் இட்டு அரபுத் தமிழ் என்ற எழுத்துமுறையையே ஆக்கிக்கொண்ட சமுதாயம் நம்முடையது. ஒலியின் நுட்பத்துக்கு அத்துணை மதிப்பளித்தவர்களின் பேரர்கள், ஒரு பொத்தானை அழுத்தி அப்புள்ளிகளைத் துடைப்பது வருந்தத்தக்கது. நம் பாடகர்கள் அரபுச் சொல்லை எப்படி உச்சரித்தனர், தமிழ்ச் சொல்லோடு எப்படி இணைத்தனர் என்பதற்கு இத்தட்டுகளை விட்டால் வேறு சான்று அரிது.

கீறல் ஒலிக்கும் இதே கதி. தட்டின் குறுக்கே விழுந்த கீறல், நொடியில் ஆயிரத்தில் சில பங்கே நிற்கும் திடீர் ஒலி. தஃப் மீது விரல் படும் முதற்கணமும் அத்தகையதே. கீறல் நீக்கும் கருவியைக் கடுமையாக அமைத்தால் அடியின் கூர்மை மழுங்கும். தஃப் முழங்கும் பாட்டில் பஞ்சுப் பொதியைத் தட்டும் ஓசை கேட்கும். பாடகர் அடிக்கு அடி இடையே இழுக்கும் மூச்சு காணாமற் போகும். மூச்சு விடாமல் பாடும் மனிதரை நாம் எங்கும் கண்டதில்லை.

இவற்றுக்கு மேல், ஒற்றை ஒலிவாயிலில் பதிவான பழம்பாட்டை இரு செவிக்கும் வேறு வேறாகக் கேட்கும்படி பிரிப்பதும், பெரிய மண்டபத்தில் பாடியதுபோல் எதிரொலி சேர்ப்பதும் நடைபெறுகின்றன. இவை பதிப்புப் பிழைகள்கூட அல்ல, இடைச்செருகல்கள்.

நம் பிழை

பிறரைக் குறை கூறி நாம் ஒதுங்கி நிற்கவில்லை. இக்குற்றம் நம்மிடமும் உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன் இராமநாதபுரத்தில் பெரியவர் ஒருவர் அரக்குத் தட்டொன்றை நம்மிடம் ஒப்படைத்தார். நடுத்தாளைப் பூச்சி அரித்திருந்தது. பாடியவர் பெயரும் எழுதியவர் பெயரும் தெரியவில்லை. "எங்க வாப்பா கொழும்பிலேர்ந்து கொண்டாந்தது தம்பி. உம்மா மௌத்தானதுக்கு அப்புறம் யாரும் போடலை" என்றார். முனாஜாத்து ஒன்றை ஆண் குரல் பாடிற்று. அன்றிரவே பதிவு செய்தோம். இரைச்சல் மிகுதி. ஒருமுறை நீக்கினோம். போதாதென்று மறுமுறையும், பின்னர் மூன்றாம் முறையும் நீக்கினோம். அந்த அமைதி நமக்குப் பெருமையாக இருந்தது. முதற்பதிவு இருந்த அதே பெயரில் சேமித்தோம். தூய படியொன்று கிடைத்தபின் அழுக்குப் படி எதற்கு என்ற எண்ணம்.

தட்டைத் திருப்பித் தரப் பேருந்தில் எடுத்துச் சென்றோம். பையில் வைத்த முறை சரியில்லை. இறங்கிப் பார்க்கையில் அது இரண்டாகப் பிளந்திருந்தது. பெரியவர் கடிந்துகொள்ளவில்லை. நாம் கொண்டு சென்ற கோப்பைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு, "நல்லா சுத்தமாத்தான் இருக்கு. ஆனா வாப்பா போட்டுக் கேட்ட மாதிரி இல்லையே தம்பி" என்றார்.

அவர் சொன்னது உண்மை. அன்று நம் கையில் இருந்தது அந்தப் பாடகரின் குரல் அன்று, நாம் விட்டுவைத்த எச்சம். தட்டு உடைந்தது நேர்ச்சி எனலாம். முதற்பதிவை அழித்தது நேர்ச்சி அன்று, நம் செருக்கு. முன்னது மட்டும் நிகழ்ந்திருந்தால், இன்றைக்கும் இனி வரும் காலத்துக்கும் உள்ள சிறந்த கருவிகளைக் கொண்டு அக்குரலை மீண்டும் தேடலாம். பின்னதும் நிகழ்ந்ததால் அவ்வழி அடைபட்டது. வேறெங்கேனும் அத்தட்டின் படி இருக்கலாம். பெயரே தெரியாத ஒன்றை எங்கே சென்று தேடுவது?

பெயரை இழந்த பாட்டு

இங்கேதான் மற்றொரு கேடு தெளிவாகிறது. தட்டின் நடுத்தாளில் பாடியவர் பெயரோடு பாடலாசிரியர் பெயரும் அச்சாகியிருப்பது பெருவழக்கு. நிறுவனத்தின் பட்டியல் எண்ணும் இருக்கும். பள்ளம் முடியும் வெற்றிடத்தில் அச்சுமூலத்தின் எண் பொறிக்கப்பட்டிருக்கும். பாட்டு கோப்பாக மாறும்போது இவையனைத்தும் தட்டோடு நின்றுவிடுகின்றன. கோப்பின் பெயர் 'ஹனிபா பாட்டு 14' என்று இருக்கும்; அவ்வளவே.

'இறைவனிடம் கையேந்துங்கள்' என்ற பாட்டைத் தெரியாதவர் தமிழ் நாட்டில் அரியர். சமய எல்லை கடந்து எல்லா மேடையிலும் ஒலிப்பது அது. அதனை எழுதியவர் கிளியனூர் அப்துல் ஸலாம் என்று சொல்லக்கூடியவர் எத்துணைப் பேர்? இத்துணைப் புகழ்பெற்ற பாட்டின் ஆசிரியருக்கே இந்நிலை எனில், ஒரே ஒரு தட்டோடு நின்றுபோன ஊர்ப்புலவரின் நிலையை என்னென்பது! எவர் வாயிலாக எவரிடமிருந்து வந்தது என்ற தொடர் இன்றி ஒரு செய்தியை ஏற்பதில்லை என்ற ஒழுங்கைக் கல்வியின் அடிப்படையாகக் கொண்டவர்கள் நாம். பாட்டு ஹதீஸ் அன்று. ஆயினும் அந்த ஒழுங்கின் நிழலேனும் நம் இலக்கியப் பணியில் விழ வேண்டாமா?

மும்பையிலுள்ள இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கத்தினர் இதற்கு நல்ல முன்மாதிரி. பாட்டோடு தட்டின் எண்ணையும் தாளின் செய்தியையும் தொகுக்கும் பழக்கம் அவர்களுடையது. சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் பழைய இசைத்தட்டுகளைப் பேணி வருகிறது. நம் இசுலாமியப் பாடல்களுக்கு இத்தகைய முழுமையான பட்டியல் ஒன்றை ஆக்குவது நம் கடமை.

செய்ய வேண்டுவன

"கேட்பவர் செவிக்கு இனிமைதானே முக்கியம்? பேருந்தில் போகிறவர் இரைச்சலைக் கேட்க வேண்டுமா?" என்று அன்பர் ஒருவர் நம்மிடம் வினவினார். நியாயமான கேள்வி. விடையும் கடினமன்று: இரண்டு படிகள் இருக்கட்டும். ஒன்று மூலப்படி, அதில் எவரும் கை வைக்கலாகாது. மற்றது கேட்புப்படி, அதில் செவிக்கேற்ற திருத்தம் செய்யலாம்.

மூலப்படிக்கு முன் தட்டைக் கழுவ வேண்டும். அரக்குத் தட்டில் சாராயம் கலந்த நீர் படலாகாது, அரக்கு கரையும். வினைலுக்கு மென்மையான தூரிகையும் தூய நீரும் போதும். கழுவிய தட்டில் பாதி இரைச்சல் தானே அடங்குவதைக் கண்டிருக்கிறோம். பின்னர் உரிய ஊசி, உரிய வேகம். பதிவு 24 பிட்டு ஆழத்தில், நொடிக்கு 96,000 மாதிரிகளாக அமையட்டும். இரு வாயிலில் மூன்று நிமிடப் பாட்டுக்கு இது ஏறத்தாழ 104 மெகாபைட்டு இடம் கேட்கும். இன்றைய கணிப்பொறிக்கு இது பொருட்டன்று. கைப்பேசியில் வழங்கும் எம்.பி.3 கோப்போ மூன்று மெகாபைட்டில் அடங்கிவிடும். அது வழங்குவதற்கு ஏற்றது, மூலமாகாது. மூலப்படியோடு நடுத்தாளின் இருபுறப் படமும், தட்டின் எண்ணும், எவர் வீட்டிலிருந்து எந்நாளில் பெற்றோம் என்ற குறிப்பும், எந்த ஊசி, எந்த வேகம் என்ற குறிப்பும் சேரட்டும். இரண்டிடங்களில் அதனை வைத்துப் பேணுக. கேட்புப்படியில் செய்த திருத்தங்களை இரண்டே வரியில் எழுதி வைத்தால், நாளை வருவோர் நம் பிழையைத் திருத்திக்கொள்வர்.

சட்டம் பற்றியும் ஒரு சொல். 1957-ஆம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை, வெளிவந்த ஆண்டின் இறுதியிலிருந்து 60 ஆண்டுகள் நிற்கும். 1960-இல் வெளியான தட்டின் உரிமை 2020-இன் முடிவோடு தீர்ந்தது. பாடலாசிரியரின் உரிமையோ அவர் மறைவுக்குப் பின்னும் 60 ஆண்டுகள் தொடர்வது. ஆகவே பேணுவதும் பரப்புவதும் ஒன்றல்ல என்பதை நினைவில் கொள்வது நலம். உரிமை தீர்ந்தாலும் தீராவிட்டாலும் பெயரைச் சொல்லும் கடமை தீர்வதில்லை.

பிளந்த அத்தட்டின் இரு துண்டுகளையும் பெரியவர் நம்மிடமே விட்டுவிட்டார். துணியில் சுற்றி வைத்திருக்கிறோம். பள்ளங்கள் இன்னும் தெளிவாகத்தான் இருக்கின்றன. இதனைப் படிக்கும் அன்பர்களுள் எவர் வீட்டுப் பரணிலேனும் இத்தகைய தட்டுகள் இருக்குமாயின், இந்த மழைக்காலத்துக்கு முன் அவற்றை இறக்கி வையுங்கள். நடுத்தாளில் உள்ள பெயர்களை முதலில் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பாட்டைப் பதிவு செய்வது அதற்குப் பிறகு ஆகட்டும்.